கடைசிக் குமிழி வரை

சாந்திகுமார் என்று பேர் வைத்த பெரியவர்கள் அவர் பதறி ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பால் பொங்கினால் பதறுவார். சிலிண்டர் தீர்ந்தால் பதறுவார். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே தூக்கத்தை விட்டுவிடுவார். செங்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வணிகவியல் வாத்தியார். அப்படிப்பட்ட மனிதருடைய கார், அன்றைக்கென்று பார்த்து, திருவண்ணாமலைக்குள் நுழைந்து ரமணாசிரமத்தைத் தாண்டுவதற்குள் புகைந்து நின்றது.

அன்றைக்கென்று பார்த்து என்று சொன்னதற்குக் காரணம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜினமதி. சமணர்களின் நந்தீஸ்வர நோன்பு இருந்தாள். வாரம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. கடைசி இரண்டு நாள் அதுவும் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை, பேச்சும் இல்லை. நோன்பை முடிக்கும் பாரணையைப் பிறந்த ஊர்க் கோயிலில், ஆதிநாதரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செய்வது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஊர் போளூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. அக்கா சன்மதி அங்கே தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமணர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. நோன்பிருக்கிறவளுக்குத் தண்ணீரும் கிடையாது. சூரியன் இறங்குவதற்குள் போய்ச் சேராவிட்டால் ஜினமதி இன்னொரு ராத்திரியும் நாக்கு வறண்டு கிடக்க வேண்டும். போன வருஷம்தான் பிரஷர் இறங்கி அடுப்படியில் விழுந்திருந்தாள். இனிமேல் உபவாசமெல்லாம் கூடாதும்மா என்று டாக்டர் சொன்னதை மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்டுக்கொண்டதோடு சரி.

அதனால் சாந்திகுமார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். விடியற்காலையில் தானே எழுந்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆற்றி, ஒரு கேன் நிறைய எடுத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி முன் சீட்டில் வைத்துக்கொண்டார். வழியில் இவளுக்கு மயக்கம் கியக்கம் வந்தால் வேண்டுதலாவது ஒன்றாவது, வாயில் ஊற்றிவிடுவது என்று தீர்மானம். வெளியே சொல்லவில்லை.

பௌர்ணமி காலையிலேயே முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருந்தது. கிரிவலம் வந்தவர்கள் காலண்டர் பார்க்கவில்லை. செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். வண்டி மதியம்வரை நத்தையாக ஊர்ந்ததில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, பானெட்டின் இடுக்கு வழியாக ஆவி குபுகுபுவென்று வந்தது.

ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்ததும் செருப்பில்லாத கால்கள் சுற்றிலும் கூடிவிட்டன. தண்ணீர் ஊற்று என்றார் ஒருவர், ஊற்றாதே வெடித்துவிடும் என்றார் இன்னொருவர், தன் மச்சானுக்கு இப்படித்தான் ஆகி இன்ஜினையே மாற்றினார்கள் என்று ஆறுதல் சொன்னார் மூன்றாமவர். சாந்திகுமார் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். தண்ணி இருக்கா சார் என்று யாரோ கேட்டார்கள். கை தானாகப் போய்க் கேனை எடுத்தது. வெள்ளைத் துணியை அவிழ்த்தது. முழுவதையும் ஊற்றியது. கடைசிச் சொட்டும் இறங்கிய பிறகுதான் மனிதருக்கு என்ன செய்தோம் என்று உறைத்தது.

பின் சீட்டைப் பார்த்தார். ஜினமதி கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். அவர் செய்த அடுத்த காரியத்துக்கு என்ன பேர் சொல்வது என்று தெரியவில்லை. காலிக் கேனின் வாயில் வெள்ளைத் துணியை மறுபடி அழகாகக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

பூக்காரி ஒருத்தி சந்துக்குள் கை காட்டினாள். கிரிவலக் கூட்டத்தில் பத்துப் பேர் அரோகரா போட்டுக்கொண்டே சமணர் வண்டியைத் தள்ளி, முருகவேலுடைய ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள். ஷெட் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, அடியில் பாதி கழற்றிப்போட்ட இரண்டு வண்டிகள், பின்னாலேயே வீடு.

முருகவேல் அவசரம் என்று சொன்னால் இன்னும் மெதுவாகிவிடுகிற ரகம். சாந்திகுமார் பாரணை, போளூர், பொழுது, பிரஷர் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். பிறகு இன்ஜின் பக்கம் கையை நீட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார். ரேடியேட்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்ஜின் நெருப்பா இருக்கு, ரேடியேட்டர் அடியில ஜில்லுனு இருக்கு. தண்ணி சுத்தவே இல்ல சார். தெர்மோஸ்டாட் வால்வு மூடிக்கினு கீது."

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை உள்ளேயே நிறுத்திவைத்து, சூடேறியதும் ரேடியேட்டர் பக்கம் திறந்துவிடுகிற கதவு அது. கதவு திறக்காமல் போனதால் உள்ளே இருந்த தண்ணீர் உள்ளேயே கொதித்திருக்கிறது. அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எங்கோ கேட்டதைச் சாந்திகுமார் எடுத்துவிட்டார். முருகவேல் தலையைச் சொறிந்தார். கழற்றுவதற்குத்தான் நேரம், புதிதைப் போட எவ்வளவு நேரம் ஆகும், எப்படியும் முதலில் இன்ஜின் ஆறணும் என்றார். ஆறும்வரை டவுனுக்குள் போய் வால்வு வாங்கி வருவதாகச் சொல்லி, மொபெட்டை எடுத்துக்கொண்டு சந்துசந்தாகப் புகுந்து போனார்.

சாந்திகுமாருக்கு உட்கார முடியவில்லை. கூட வேலை பார்க்கிற கோபிக்குப் போன் போட்டார். கோபியின் கார் போலீஸ் தடுப்புக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது, சாயங்காலம்தான் விடுவார்களாம். வாடகைக் கார்க்காரர்கள் போனையே எடுக்கவில்லை. பஸ் பிடிக்கலாமென்றால் தற்காலிக நிலையம் ஊருக்கு வெளியே. அவ்வளவு தூரம் இந்தக் கூட்டத்தில் ஜினமதியை நடத்திக் கூட்டிப்போவதை நினைத்தாலே அவருக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு போனுக்கும் இடையில் வெளியே போய் வானத்தைப் பார்த்தார்.

அதற்குள் முருகவேலின் மனைவி தமிழ்செல்வி வந்து ஜினமதியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்திருந்தாள். எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்தாள். சாந்திகுமார் விஷயத்தைச் சொன்னார். அப்படியென்றால் நான் வடிகட்டிக் காய்ச்சித் தரட்டுமா என்று கேட்டாள். ஜினமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியைப் பார்த்த பிறகுதான் என்று சைகையில் சொன்னாள். தமிழ்செல்விக்கு ஒரே நொடியில் புரிந்தது. புரியாதவர் சாந்திகுமார்தான், அவர் அந்தச் சைகையை மயக்கம் என்று நினைத்து ஓடிவந்தார்.

பேசாத ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் விட மனம் வரும். தமிழ்செல்வி நாத்தனாரில் தொடங்கி, வேங்கிக்காலில் வாங்கிப் போட்டிருக்கிற மனைக்கு வழி விடமாட்டேன் என்கிற பக்கத்து மனைக்காரர்வரை எல்லாவற்றையும் கொட்டினாள். ஜினமதி சாதாரண நாளில் ஒரு தெருவுக்கே பேசுகிறவள். பதில் சொல்ல முடியாமல் புருவத்தாலும் விரலாலும் அவள் பட்ட பாட்டைப் பார்த்துச் சாந்திகுமாருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக வீடு வீடாகவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அந்தக் குரலைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

முருகவேல் வந்ததும் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, இரண்டு போல்ட்டைக் கழற்றி, பழைய வால்வை நெம்பி எடுத்தார். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து, நடுவில் துரு இறுகிக் கிடந்தது. போர் தண்ணியா ஊத்தினீங்க என்று கேட்டார்.

"வடிகட்டித்தான் ஊத்துவேன்" என்றார் சாந்திகுமார்.

அது பொய்யில்லை. வாங்கிய நாள்முதல் அந்தக் காருக்கு அவர் வடிகட்டாத தண்ணீர் ஊற்றியதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு பூச்சி உள்ளே போய்க் கொதித்துச் சாகக் கூடாதே என்று, மடித்த துணியில் வடிகட்டி, துணியைத் திருப்பிப் பிடித்து அலசி, அந்த அலசலைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வருவார். கூலன்ட் என்று கடையில் விற்கிற பச்சைத் திரவத்தில் என்ன இருக்கிறதோ என்று அதைத் தொட்டதில்லை.

முருகவேல் வால்வையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பூச்சி வராது சார். உப்பு வருமே" என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு, எல்லா வண்டியிலும் இப்படித்தான், நம்ம ஊர் தண்ணி அப்படி என்று சமாதானமும் சொன்னார்.

புதிய வால்வை நேரே போட்டுவிடவில்லை. தமிழ்செல்வியின் அடுப்பில் ஒரு பழைய ஏனத்தில் தண்ணீர் வைத்து, கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். கடையில் புதுசு என்று கொடுப்பதிலேயே திறக்காதது உண்டாம். தண்ணீர் சலசலத்துக் கொதித்தது. கூடத்தில் ஜினமதி அந்தச் சத்தத்தைக் கேட்டு உதட்டை நாக்கால் தொட்டுக்கொண்டாள். சாந்திகுமார் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று நகர்ந்து, அடுப்பை அவள் கண்ணிலிருந்து மறைப்பதைப் போலக் குறுக்கே நின்றுகொண்டார். வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. முருகவேல் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஃபேன் காற்று குளிர்கிறதென்று முன் சீட்டிலிருந்த சால்வையை எடுக்கப் போன ஜினமதி, கேன் தட்டி உருண்டதும் கையிலெடுத்தாள். வெள்ளைத் துணி ஒழுங்காகக் கட்டியிருந்தது. எடை இல்லை. ஆட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கார் குடித்துவிட்டது என்றார் சாந்திகுமார். ஜினமதி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பக்கத்தில் போனார். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் போய்ப் பட்டினி போட்டுக் கொன்றுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

வால்வைப் பொருத்தி, புது ரப்பர் வளையம் போட்டு, வால்வோடு வாங்கிவந்த பச்சைக் கூலன்டை ஊற்றியதும் வேலை முடிந்தது என்று சாந்திகுமார் நினைத்தார். உண்மையான பொறுமை அதற்குப் பிறகுதான் தேவைப்பட்டது. தண்ணீரை வடித்து நிரப்பும்போது காற்று உள்ளே புகுந்துவிடும், அதை வெளியேற்றாமல் ஓட்டினால் காற்று நிற்கிற இடத்தில் தண்ணீர் போகாது, மறுபடி கொதிக்கும் என்றார் முருகவேல். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டார். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பினார். வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று சாந்திகுமார் கேட்க, அந்தக் குழாயிலும் காற்று நிற்கும் என்றார். ஹீட்டரிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. சூடே இல்லை. முள் மட்டும் ஏறியது.

"காத்து அடைச்சிக்கினு கீது" என்று சொல்லி இன்ஜினை நிறுத்தினார்.

நிழல் நீண்டுவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, அது காத்தைத்தான் கேக்கணும் என்று பதில் வந்தது. சந்து மலைப்பக்கம் பார்த்து ஏறுகிறது. வண்டியின் மூக்கு மேலே நின்றால் காற்று தானாக மேலே வரும் என்றார் முருகவேல். மறுபடி கிரிவலக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள், மறுபடி அரோகரா. ஏற்றத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

இப்போது ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தது. ஒன்று வந்து உடையும், தண்ணீர் மட்டம் இறங்கும், முருகவேல் கொஞ்சம் ஊற்றுவார், மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுவார், இன்னொன்று வரும். சாந்திகுமார் வானத்தைப் பார்த்தார், குமிழியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சூரியன் மலைத்தோளுக்கு வந்திருந்தது. அவரால் முடியவில்லை.

"போதும்ணா, மூடிக் குடுங்க. போற வரைக்கும் போறேன்."

முருகவேல் மூடியைக் கையில் எடுத்தார். "மூடச் சொன்னா மூடறேன் சார். வழியில நின்னா அங்க நான் இருக்க மாட்டேன்" என்றார்.

வழியில் வண்டி நின்றுபோனால் இருட்டு. இங்கேயே காத்திருந்து நேரம் போனாலும் இருட்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜினமதியின் தொண்டையில்தான் போய் முடிகிறது. கணக்குப்பதிவியல் நடத்துகிறவருக்கு அந்தக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ஜினமதி வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்தாள். தமிழ்செல்வி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். நேரே பானெட்டுக்கு முன்னால் வந்து, முருகவேல் உட்காருகிற மரப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புருஷனைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே காட்டி அமர்த்தினாள். இருங்கள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் வாயால் ஆயிரம் தடவை சொல்லி அவர் கேட்காத வார்த்தை அது. கையால் சொன்னபோது கேட்டார்.

பிறகு அவள் ரேடியேட்டர் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். குமிழி வந்தால் ஒரு விரலைத் தூக்குவாள். முருகவேல் ஊற்றுவார். வராவிட்டால் விரலை மடக்கிக்கொள்வாள். அவ்வளவு பசியிலும் தாகத்திலும் இருக்கிறவள் அந்தச் சின்ன ஓட்டையை அவ்வளவு நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததில் சாந்திகுமாருக்கும் வானத்தைப் பார்க்கிற எண்ணம் விட்டுப்போயிற்று. பெரிய குமிழி ஒன்று கடகடவென்று வந்து கூலன்டை முருகவேல் சட்டையில் தெறித்தது. அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது என்று அவர் சந்தோஷமாகத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பொடிப்பொடியாகச் சில. விரல் எழுந்தது, மடங்கியது, எழுந்தது. பிறகு எழவே இல்லை. ஜினமதி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

சாந்திகுமார் வண்டிக்குள் கையை விட்டார். ஹீட்டர் காற்று சுடச்சுட முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. முள் நடுவிலேயே நின்றது. முருகவேல் மூடியைத் திருகி இறுக்கினார். கூலியைப் பற்றிப் பேச வந்தவரை, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், பைபாஸ் வழியாகப் போங்க, ஹீட்டரை மட்டும் நிறுத்தாதீங்க என்று விரட்டினார். தமிழ்செல்வி ஜன்னலில் கை வைத்து, போன் பண்ணுக்கா, பேசாமயே நீ பேசுற ஆளுன்னு தெரியுது என்றாள்.

வெயில் தணியாத மாசி சாயங்காலத்தில், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டுக்கொண்டு இரண்டு பேர் போளூர் ரோட்டில் போனார்கள். சாந்திகுமாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டு தடவை ஹீட்டரை நிறுத்தப் போனார். இரண்டு தடவையும் பின்னாலிருந்து கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. முள் அசையவில்லை. ஒரு லாரியைக் கூடத் திட்டாமல் ஓட்டினார்.

போளூரைத் தாண்டி உள்ளே திரும்பியபோது சூரியன் கரும்புத் தோட்டத்துக்கு மேலே சிவந்து நின்றது. கோயில் வாசலில் சன்மதி செம்போடு நின்றிருந்தாள். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. ஜினமதி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆதிநாதர் எதுவும் ஆகாதவரைப் போலக் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். அவள் விழுந்து கும்பிட்டு எழுந்து, மண்டபத்துக்கு வந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினாள். சன்மதி ஊற்றினாள். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதைச் சாந்திகுமார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. போதும், இது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஜினமதி வாயைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். குரல் கரகரத்து வந்தது.

"ஏங்க, நீங்க காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல."

சாந்திகுமார் யோசித்துப் பார்த்தார். இல்லைதான். காலையில் அவள் குடிக்காமல் நிற்கும்போது குடிக்கப் பிடிக்காமல் கிளம்பினார், அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு தொண்டை இருப்பதே ஞாபகம் வரவில்லை. இப்போது அவள் சொன்னதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

அவள் அக்காவின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். வாசலில் கரும்புத் தோகைக்கு மேலே சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பொழுது இருக்கு. கையை நீட்டுங்க" என்றாள்.

நீட்டினார். அவள் ஊற்றினாள். பாதி தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது, மீதியைக் குடித்தார்.